‘இப்பவே வெச்சிடலாமா?’: ஆப்பரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா?

சித்தப்பாவுக்கு 64 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும், நின்றுவிட்டால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். நாலு மாதமாக இதே கதை. டிரெட்மில் டெஸ்ட் சரியில்லை என்று, இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஆஞ்சியோவுக்கு எழுதினார்கள். அது நடக்கிற கேத் லேப் வாசலில் சித்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் கழற்றிக் கொடுத்த மோதிரம், மூக்குக் கண்ணாடி, வெள்ளி அரைஞாண் எல்லாம் ஒரு பாலிதீன் பையில் என் மடியில் இருந்தன. அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. பச்சை உடுப்போடு டாக்டர் வந்து நின்றார். “ரெண்டு இடத்துல அடைப்பு. ஒண்ணு எழுபது பர்சென்ட், ஒண்ணு எண்பது. அவர் இன்னும் டேபிள்லதான் இருக்கார். இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?” அடைத்த குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பி வலைக் குழல்தான் ஸ்டென்ட்.

சித்தி என்னைப் பார்த்தார். எனக்கு வாய்க்கு வந்தது ஒன்றுதான்: “ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாமா டாக்டர்?”

“தாராளமா. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார் அவர், எந்த வருத்தமும் இல்லாமல். நான் கேட்காமல் இருந்திருந்தால், அவசரம் இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. மேசையிலேயே கேட்பதற்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இன்னொரு நாள் வரவழைத்து, இன்னொரு முறை கையிலோ தொடையிலோ குத்தி, இன்னொரு பில் போடுவதை அது மிச்சப்படுத்துகிறது. வெளியூரிலிருந்து வருபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கதவருகே நின்று ஐந்து நிமிடத்தில் எடுக்கிற முடிவு அல்ல இது.

அந்த இரண்டு நாளில் படிக்கத் தொடங்கியவன், பிறகு விடவில்லை. இதயம், குடல்வால், மூட்டு, புராஸ்டேட் என்று துறை மாறினாலும் வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: இப்போதே கை வைப்பதா, மருந்தோடு பொறுத்துப் பார்ப்பதா? கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. நோயாளியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை டாக்டரும் முடிவு செய்யாமல், நோயாளியும் முடிவு செய்யாமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்துச் செய்த ஆய்வுகள். அவற்றை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்து, வியர்த்துக் கொட்டி, வலி விடாமல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. உடனே அடைப்பைத் திறப்பது உயிரைக் காக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலும் அப்படித்தான். வெடித்துவிட்ட குடல்வால், வெளியே வந்து சிக்கிக்கொண்டு உள்ளே போகாத குடலிறக்கம் எல்லாம் இதே வகை. கீழே எழுதியிருப்பது எதுவும் இவர்களுக்கானது அல்ல.

இதயம்: ஸ்டென்டா, மாத்திரையா?

சித்தப்பாவைப் போன்றவர்களுக்கென்றே நடந்த பெரிய ஆய்வின் பெயர் இஸ்கீமியா. இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 நோயாளிகள். எல்லோருக்கும் நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ இதயத்துக்கு ரத்தம் போதாமல் போவது சோதனையில் ஓரளவுக்கு மேல் தெரிந்திருந்தது. ஒரு பாதியை ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்கு அனுப்பினார்கள். மறுபாதிக்கு மருந்து மட்டும். மருந்துக்கு அடங்காவிட்டால்தான் ஆஞ்சியோ. 2019 நவம்பரில் முடிவை அறிவித்தார்கள், 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சராசரியாக மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் தொடர்ந்து பார்த்ததில், முதல் பக்கம் இறந்தவர்கள் 145 பேர், மருந்துப் பக்கம் 144 பேர். 2022இல் ஏழு ஆண்டுக் கணக்கு வந்தபோதும் மொத்த இறப்பு 12.7 சதவீதம், 13.4 சதவீதம் என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றது.

எண்பது சதவீத அடைப்பைத் திறந்துவிட்டால் ஆயுள் கூட வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது, சித்திக்கும் தோன்றியது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குத்தி விடுகிறோமே, அதே கணக்கு. ஆனால் இதயக் குழாய் அப்படி வேலை செய்வதில்லை. மாரடைப்பு பெரும்பாலும் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஆஞ்சியோவில் முப்பது, நாற்பது சதவீதம் என்று சாதாரணமாகத் தெரிகிற இடத்திலும் அது வெடிக்கலாம். ஸ்டென்ட் ஒரு இடத்தைச் சரிசெய்கிறது. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை எல்லாக் குழாய்களிலும் அந்தக் கொழுப்பை இறுக்கி அமைதிப்படுத்துகிறது. அதனால்தான் மருந்துப் பக்கம் தோற்கவில்லை.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? இல்லவே இல்லை. இதே ஆய்வில், வாரா வாரமோ தினமுமோ நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தவர்களில் மூன்று மாதம் கழித்து வலியே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு முதல் பக்கம் 45 சதவீதம், மருந்துப் பக்கம் 15 சதவீதம்தான். வலியே இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

இந்த நிவாரணம் நிஜமா, ஸ்டென்ட் வைத்தாயிற்று என்ற நம்பிக்கையா என்று லண்டனில் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரஷா அல்-லமி குழு துணிந்து சோதித்தது. 2017இல் வந்த ஆர்பிட்டா ஆய்வில் 200 பேர். எல்லோரையும் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டு போட்டுவிட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு ஒன்றும் வைக்கவில்லை. யாருக்கு வைத்தோம் என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பார்த்த டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டபோது இரண்டு பக்கமும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் எல்லோருக்கும் நெஞ்சுவலி மாத்திரைகளை நன்றாகக் கொடுத்திருந்தார்கள். 2023இல் அதே குழு, நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தது. இந்த முறை ஸ்டென்ட் தெளிவாகவே வலியைக் குறைத்தது. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி முழுதாக நிற்கவில்லை.

ஆக, சித்தப்பா போன்றவர் ஸ்டென்டில் வாங்குவது ஆயுளை அல்ல, படியேறும் சுகத்தை. அதற்கு ஈடாக ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து வழக்கமாக ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் அவசரமில்லாத வேறு ஆப்பரேஷன் எதையும் தள்ளிப்போடச் சொல்வார்கள். இது தெரிந்தபின் முடிவு பாதி எளிதாகிவிட்டது. எத்தனை நாளுக்கொரு முறை வலிக்கிறது, எதைச் செய்ய முடியாமல் போகிறது என்று சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும், எண்பது பர்சென்டை அல்ல. ஒரு எச்சரிக்கை: இதயத்தின் இடப்பக்கப் பிரதான குழாயில், அதாவது லெஃப்ட் மெயினில், அடைப்பு இருந்தவர்களையும், இதயத்தின் பம்பு வேலை மிகக் குறைந்துபோனவர்களையும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வேறு கணக்கு. டாக்டரிடம் நாங்கள் முதலில் கேட்டதே “லெஃப்ட் மெயின் சுத்தமா இருக்கா?” என்பதுதான்.

குடல்வால்: ஆன்டிபயாட்டிக்கும் ஒரு வழி

வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் வலித்தால் அன்று இரவே அறுவை என்பது நூறு ஆண்டுக்கு மேலான பழக்கம். பின்லாந்து ஆய்வாளர்கள் 530 பேரிடம் இதைச் சோதித்து 2015இல் எழுதினார்கள். அமெரிக்காவில் 25 மருத்துவமனைகள் சேர்ந்து 1,552 பெரியவர்களிடம் கோடா என்ற ஆய்வைச் செய்து 2020இல் வெளியிட்டன. பத்து நாள் ஆன்டிபயாட்டிக் ஒரு பக்கம், அறுவை மறுபக்கம். ஒரு மாதம் கழித்து உடல்நிலை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் மருந்துப் பக்கத்தில் 90 நாளுக்குள் 29 சதவீதம் பேருக்குக் கடைசியில் அறுவை தேவைப்பட்டது. ஒரு ஆண்டில் 40 சதவீதம், மூன்று நான்கு ஆண்டில் 49 சதவீதம்.

இரண்டில் ஒருவர் தப்பிக்கிறார், ஒருவர் தள்ளிப்போடுகிறார். இதை நல்ல செய்தி என்று எடுப்பதும் கெட்ட செய்தி என்று எடுப்பதும் அவரவர் நிலைமையைப் பொறுத்தது. ஸ்கேனில் குடல்வாலுக்குள் கெட்டியான சிறு கல் தெரிந்தால் 90 நாள் கணக்கே 41 சதவீதமாக ஏறுகிறது. அந்தக் கல் இருப்பவருக்கு நான் மருந்தைச் சொல்லமாட்டேன். வயதானவர்களிடம் குடல்வால் வீக்கத்துக்குள் கட்டி ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல், அதையும் யோசிக்க வேண்டும். குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்வு 2025 ஜனவரியில் லான்செட்டில் வந்தது: ஓர் ஆண்டுக்குள் மருந்து பலிக்காமல் போனது 34 சதவீதம், அறுவைப் பக்கம் பலிக்காமல் போனது 7 சதவீதம். பிள்ளைகளுக்கு அறுவையே மேல் என்பது என் எண்ணம்.

நண்பரின் மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறவன். நாலு நாளில் செமஸ்டர் தேர்வு என்ற நேரத்தில் இந்த வலி வந்தது. ஸ்கேனில் கல் இல்லை, சீழ் இல்லை. சர்ஜன் இரண்டு வழியையும் எடுத்துச் சொன்னார். பையன் மருந்தைக் கேட்டான், தேர்வையும் எழுதினான். சர்ஜன் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த வரியைத்தான் எல்லோருக்கும் காட்டத் தோன்றுகிறது: காய்ச்சல் வந்தாலோ, வலி மறுபடி கூடினாலோ, எந்த நேரமானாலும் அறுவை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து வழி என்பது அந்த வசதி பக்கத்தில் இருப்பவருக்கானது. மீன்பிடிப் படகில் வாரக்கணக்கில் கடலில் இருப்பவரும், அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறவரும் அறுவையை முடித்துவிட்டுப் போவதுதான் நிம்மதி.

முழங்கால்: இங்கே ஒன்றல்ல, இரண்டு ஆப்பரேஷன்

அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்றார்கள். கிழிந்தது என்ற சொல் அவரைத் தூங்கவிடவில்லை. ஐம்பது தாண்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாத முழங்காலிலும் ஜவ்வுக் கிழிசல் சகஜமாகத் தெரியும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மூட்டுக்குள் கேமரா விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வதை அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்து 2002இல் எழுதினார்கள். ஒரு பகுதியினருக்குத் தோலைக் கீறித் தையல் மட்டும் போட்டார்கள், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஆண்டு வரை பார்த்தும் நிஜ ஆப்பரேஷன் மேலாக நிற்கவில்லை. 2013இல் பின்லாந்தில் ஜவ்வுக் கிழிசல் உள்ள 146 பேரிடமும் அதே முடிவு. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பரிந்துரை, தேய்மான மூட்டுக்கு இந்தக் கேமரா ஆப்பரேஷன் வேண்டாம் என்று உறுதியாகவே சொன்னது. நானும் உறுதியாகவே சொல்வேன். விளையாட்டில் முறுக்கிக் கிழித்துக்கொண்டு காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்ட இளைஞர் விஷயம் வேறு.

மூட்டு மாற்று ஆப்பரேஷனை இதோடு சேர்க்கக் கூடாது. டென்மார்க்கில் 100 பேரிடம் செய்து 2015இல் வந்த ஆய்வில் எல்லோருக்கும் 12 வாரம் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை. பாதிப் பேருக்கு அதற்கு முன்னால் மூட்டு மாற்றும். ஓர் ஆண்டில் மாற்றியவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு: நூறு புள்ளி அளவில் 32.5, மறுபக்கம் 16. ஆனால் பெரிய பாதிப்புகள் 24, மறுபக்கம் 6. பயிற்சிப் பக்கத்தில் அந்த ஓராண்டில் மூட்டு மாற்றுக்குப் போனவர்கள் 26 சதவீதம்தான். மூட்டு மாற்று நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முதலில் மூன்று மாதப் பயிற்சி கொடுத்துப் பார்ப்பதால் நஷ்டமில்லை. நம் வீடுகளில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். மாற்றியபின் தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். கழிப்பறையிலிருந்து பூஜை அறை வரை அது தொடும்.

அம்மா பயிற்சியைத்தான் எடுத்தார். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்திப் பத்து எண்ண வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. முதல் இரண்டு வாரம் வலி கூடியதுபோல் இருந்தது, விட்டுவிடப் பார்த்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்காமல் பஸ் படியில் இறங்கினார்.

புராஸ்டேட், குடலிறக்கம்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பிதான் புராஸ்டேட். அங்கே புற்றுநோய் என்று கேட்டதும் எடுத்துவிடு என்றுதான் மனம் சொல்லும். பிரிட்டனில் நடந்த ப்ரோடெக்ட் ஆய்வு அதைப் பொறுமையாகக் கேள்வி கேட்டது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட்டைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்த 1,643 ஆண்கள். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2023இல் வந்த 15 ஆண்டுக் கணக்கில், புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் முறையே 3.1, 2.2, 2.9 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். நோய் வேறிடம் பரவியது மட்டும் கண்காணிப்பில் 9.4, அறுவையில் 4.7, கதிர்வீச்சில் 5 சதவீதம். அறுவையில் இந்த லாபத்துக்கு விலை உண்டு: 12 ஆண்டு கழித்தும் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைக்க வேண்டியிருந்தவர்கள் அறுவையில் 24 சதவீதம், கண்காணிப்பில் 11, கதிர்வீச்சில் 8. இந்த முடிவை எல்லோருக்கும் போடக் கூடாது. நம் ஊரில் பலருக்கு இடுப்பெலும்பு வலி வந்த பிறகுதான் நோய் தெரிகிறது. பரவிவிட்ட நோயில் கண்காணிப்பு என்ற பேச்சே இல்லை.

தொந்தரவு அதிகம் இல்லாத தொடையிடுக்குக் குடலிறக்கத்தில், பொறுத்திருந்த ஆண்களுக்குத் திடீர்ச் சிக்கல் மிக அரிது என்று 720 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2006இல் காட்டியது. ஆனால் பத்து ஆண்டில் அவர்களில் மூன்றில் இரண்டு பேர் வலி தாங்காமல் ஆப்பரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பெண்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல், பொறுக்கக் கூடாது.

பொறுத்திருப்பதும் ஒரு வேலை

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது சுலபமாகக் கண்ணில் படாமல் போவது ஒன்று. மருந்துப் பக்கம் என்பது சும்மா இருந்தவர்கள் அல்ல. இஸ்கீமியாவில் கெட்ட கொழுப்பை 70க்குக் கீழே கொண்டுவரத் துரத்தினார்கள், பிரஷரைத் துரத்தினார்கள், பீடி சிகரெட்டை நிறுத்தவைத்தார்கள். ப்ரோடெக்ட் கண்காணிப்பில் முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறை பி.எஸ்.ஏ. டென்மார்க்கில் வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சியாளர் முன்னால் நின்று செய்தார்கள். அந்த உழைப்பு இல்லாமல் ‘ஆய்விலேயே சொல்லிட்டாங்க, ஆப்பரேஷன் வேண்டாம்’ என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர், ஆய்வில் இல்லாத மூன்றாவது வழியில் போகிறார். அவருக்கு எந்த எண்ணும் பொருந்தாது.

பணமும் இங்கே ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். ஸ்டென்டும் மூட்டு மாற்றும் அதில் அடங்கும். 2017இல் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டின் விலையை 29,600 ரூபாய்க்கு இறக்கியதும் பெரிய உதவிதான். ஆனால் பத்து ஆண்டு சாப்பிட வேண்டிய ஸ்டாட்டினுக்கும், வாரம் இருமுறை பிசியோவுக்கும் காப்பீட்டு அட்டை செல்லாது. கையிலிருந்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் மாதா மாதம் வரிசையில் நிற்க வேண்டும். ஆப்பரேஷன் இலவசம், பொறுத்திருப்பது செலவு என்று ஆகும்போது ஏழைக் குடும்பம் எதை எடுக்கும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கே வருவது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வின் மருந்துப் பக்கத்தை ஊருக்குள் கொண்டுவருகிற வேலை அது.

சித்தப்பா மருந்தை எடுத்தார். சமையலறை அலமாரியில் ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா, ஞாயிற்றுக்கிழமை இரவு சித்தி நிரப்பி வைப்பார். சிகரெட்டை விட இரண்டு முறை முயன்று, இரண்டாவது முறை விட்டார். கெட்ட கொழுப்பு 132இலிருந்து 64க்கு வந்தது. பதினாலு மாதம் படியேறினார். அதன் பிறகு மாத்திரையைக் கூட்டியும் குளிக்கும்போதுகூட நெஞ்சைப் பிடிக்க ஆரம்பித்தது. அதே டாக்டரிடம் போனோம். இஸ்கீமியாவின் மருந்துப் பக்கத்திலும் ஐந்தில் ஒருவர் இப்படித்தான் நாலு ஆண்டுக்குள் ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ போனார்கள். இந்த முறை அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து கேட்கவில்லை. முந்தின நாளே அவரும் சித்தப்பாவும் ஸ்டென்ட் வைப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். போன வாரம் சித்தப்பாவோடு பேசியபோது, மேல் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தானே ஏறிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மாத்திரை டப்பா இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது.